நாற்பது பேர் போகும் பைக்

லோகுவின் வண்டியைப் பார்த்தால் அது பைக்கா, சாமி ஊர்வலத்துக்குக் கிளம்பிய சப்பரமா என்று யாருக்கும் சந்தேகம் வரும். முன்னால் இரண்டு மஞ்சள் ஃபாக் லைட். கைப்பிடியில் பேருந்துக் கண்ணாடி போல அகலமான இரண்டு கண்ணாடிகள். பின்னால் மருந்துப் பெட்டியைச் சுற்றி மின்னுகிற சிவப்புப் பட்டை. இது போதாதென்று ஏர் ஹாரன் வேறு கேட்டான்.

"இன்னும் என்னடா பாக்கி? ரெண்டு பக்கமும் வாழமரம் கட்டீரலாமா?" என்றாள் துளசிமணி.

"வாழமரம் வேண்டாங்க்கா. லெக் கார்டு மட்டும் நல்ல தடிமனா, ரெட்டக் கம்பியில வெல்டிங் வெச்சுக் குடு."

ஆழியாறு அணையைத் தாண்டி, வால்பாறை மலைச்சாலை ஏறத் தொடங்குகிற முனையில் இருந்தது அவள் கடை. பைக்குக்கு என்னென்ன மாட்டலாமோ அத்தனையும் அங்கே மாட்டலாம். லோகநாதன் அவளுடைய ஒரே தம்பி. எஸ்டேட் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. அப்பா அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு அவளுக்கு அவன், அவனுக்கு அவள். அவன் மலை ஏறிவிட்டால் இறங்கி வருகிற வரைக்கும் அவள் வயிற்றில் சோறு தங்காது.

"உனக்குத்தான் ஆள் லைட்டுல நாப்பது போட்டுக் குடுத்திருக்கறனே. எந்த லாரி உன்னத் தொடும்? எதுக்கு இத்தன அலங்காரம்?"

லோகு கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டான். "இருக்கட்டும்க்கா. ரோட்டுல லாரி மட்டுமா போகுது? மனுசங்களும்தான் வர்றாங்க. அவியளுக்கும் நான் தெரியணுமில்ல."

இப்போதெல்லாம் வண்டியை அவனே துடைத்துக்கொள்கிறான், ஹெட்லைட் பக்கம் அவளைத் தொட விடுவதில்லை. வயசுப் பையன், யாரையாவது பிடித்துப்போயிருக்கும் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

லெக் கார்டை வெல்டிங் வைத்து, ஏர் ஹாரனையும் மாட்டி முடித்தபோது ஸ்டீபனின் ஜீப் வந்து நின்றது. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற பழைய ஜீப். உள்ளே எட்டுப் பெண்கள், மடியில் ஜவுளிப் பைகள். ரோஸ்மேரியின் மகளுக்குக் கல்யாணம். எஸ்டேட் லைன் வீட்டுப் பெண்கள் மொத்தமாகப் பொள்ளாச்சிக்கு இறங்கிச் சேலை எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"துளசி, ஆள் லைட்டு தப்பு எண்ணு காட்டுதும்மா. செக்போஸ்ட்டுல புடிச்சுப்போடுவான், சித்த பாரு" என்றார் ஸ்டீபன்.

ரோஸ்மேரி இறங்கி வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "அதென்ன ஆள் லைட்டு? நல்லாத்தானே எரியுது?"

"நம்ம கண்ணுக்கு நல்லாத்தான் தெரியும்க்கா" என்றார் ஸ்டீபன். "டிரைவர் இல்லாத லாரி ஓடுதில்ல, அதுக்குக் கண்ணு இருக்கு, ஆனா பனிமூட்டத்துல ஜீப்புக்குள்ள எத்தன பேருன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதனால எல்லா வண்டியும் முன்னாலயும் பின்னாலயும் வெளக்குலயே சொல்லணும்னு சட்டம் போட்டாங்க. சீட்டுல உக்காந்திருக்கற எடைய வெச்சு, ஒம்பது பேரு ஒம்பது பேருன்னு வெளக்கு துடிச்சுட்டே இருக்கும். லாரி படிச்சுக்கும்."

"படிச்சு?"

"ஆள் நெறைய இருக்கற வண்டிக்கு ஒதுங்கி வழி விடும்."

"அம்புட்டுதானா?"

ஸ்டீபன் தலையைச் சொறிந்தார். விளக்கின் திருகைக் கழற்றிக்கொண்டே துளசிமணிதான் மிச்சத்தைச் சொன்னாள். "பிரேக் போயிருச்சு, எதுலயாச்சும் மோதித்தான் நிக்கோணும்னா, ஆள் கம்மியா இருக்கற பக்கம் திரும்பும்."

"அப்போ பைக்குல ஒத்தையாப் போற புள்ள?"

துளசிமணி குனிந்து அடுத்த திருகைக் கழற்றினாள்.

"அடப்பாவிகளா!" என்றாள் ரோஸ்மேரி. லோகுவைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்யா, சீக்கிரம் ஒரு கல்யாணத்தப் பண்ணு. பின்னால ஒருத்தி உக்காந்தா ரெண்டாயிரும்ல!" ஜீப்புக்குள் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். லோகு வெட்கப்பட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

ஜீப்பின் ஆள் லைட்டைப் பூட்டி, எல்லோரையும் ஏறி உட்காரச் சொல்லி, சோதனைக் கருவியை அதன் முன்னால் நீட்டினாள் துளசிமணி. ஒன்பது என்று சரியாகக் காட்டியது. ரோஸ்மேரி உள்ளே இருந்தபடியே ஒரு பொட்டலம் முறுக்கை அவள் கையில் திணித்தாள். "கல்யாணத்துக்கு வந்துரணும், ஆமா." பக்கத்துத் தென்னந்தோப்பில் இன்னொருத்தி வீட்டுக்குப் பத்திரிகை வைத்துவிட்டு மத்தியானம் மலையேறுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சட்டம் போட்டவர்களைத் தப்பு சொல்லிவிட முடியாதுதான். ஒன்பது பெரிதா, ஒன்று பெரிதா என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். ஆனால் அந்த ஒன்று நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் எந்தக் கணக்கும் நேராக வராது. போன மழைக்காலத்தில் தேயிலை லாரி ஒன்று லோகுவின் சட்டையை உரசிக்கொண்டு போனது. எதிரே வந்த பேருந்துக்கு வழிவிட வேண்டி லாரி அவன் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. சட்டை கிழிந்து, தோள் தோல் உரிந்து வந்து நின்றவனைப் பார்த்தாள் துளசிமணி. அன்றைக்கே உட்கார்ந்தாள். தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி செய்தாள். அதை ஹெட்லைட் கிண்ணத்துக்குள் ஒளித்து, ஆள் லைட்டின் ஒயரில் சேர்த்துவிட்டால் போதும். வண்டி 'ஒருத்தன்' என்று சொல்லாது. 'நாற்பது பேர்' என்று சொல்லும். முழுப் பேருந்து.

ஒரு சாமர்த்தியம் செய்திருந்தாள். பெட்டிக்கு மின்சாரத்தை ஹெட்லைட்டின் பிரைட் ஒயரிலிருந்து எடுத்தாள். செக்போஸ்ட்டை நெருங்கும்போது எல்லோரும் லைட்டை டிம் செய்துவிடுவார்கள். டிம்மில் பெட்டி தூங்கிவிடும். வண்டி உண்மையைச் சொல்லும். போலீஸ்காரரின் கருவியில் ஒன்று என்றே வரும். பிரைட் போட்டால் மறுபடி நாற்பது. தம்பிக்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தாள். வாய் என்று ஒன்று இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? ஒருவன் இன்னொருவனிடம் சொல்ல, மலையேறுகிற பைக்குகள் வரிசை கட்டின. கறிவேப்பிலை விற்கிறவன், தபால்காரர், எஸ்டேட் நர்ஸ். பாவம், எல்லோரும் ஒற்றை ஆள். ஒருவருக்கும் அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

அவள் பூட்டிய பெட்டிகள் எல்லாம் அவள் போனில் தெரியும். மலைச்சாலையின் படத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள், ஒவ்வொன்றின் மேலும் எண். லோகுவின் புள்ளிக்கு மட்டும் பச்சை நிறம் வைத்திருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பச்சைப் புள்ளி மலையுச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியது. அதன் மேல் நாற்பது. அவள் ரோஸ்மேரி கொடுத்த முறுக்கைக் கடித்தபடி வேறொரு பைக்கின் ஹாரனைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

மலை ரோடு டிரைவர்களுக்குப் பேச்சுக் குழு ஒன்று உண்டு. எங்கே மரம் விழுந்தது, எங்கே யானை நிற்கிறது என்று நாள் முழுக்க யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். கடையில் இருந்த பழைய போனில் அது வானொலி மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று அதில் உயிரில்லாத ஒரு குரல் கேட்டது.

"பிரேக் கோளாறு. இறங்கு திசை. பதினோராம் வளைவு. வழி விடவும். பிரேக் கோளாறு."

லாரியே பேசுகிற குரல் அது. துளசிமணியின் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது.

போனை எடுத்தாள். பச்சைப் புள்ளி பத்தாம் வளைவைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. லாரிக்கு நேர் முன்னால். அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியவள் அவள்தான்.

"எடுறா சாமி. இன்னிக்கு ஒரு நாளு எடுறா."

குழுவில் இப்போது ஸ்டீபனின் குரல். "ஏனுங்க, பத்தாம் வளைவுக்குக் கீழ நான் ஏறிட்டு இருக்கறனுங்க. பனி அப்பிக் கெடக்குது, ஒன்னும் தெரியலீங்க. லாரி எங்க வருது? யாராச்சும் சொல்லுங்க!" அவர் குரலுக்குப் பின்னால் பெண்களின் பேச்சு கேட்டது.

"ஸ்டீபண்ணா, வண்டிய நிறுத்துங்க!" என்று கத்தினார் யாரோ ஒருவர். "பின்னால எடுங்க!"

"எங்கீங்க எடுக்கறது? எனக்கு ஒரு பக்கம் பள்ளமுங்க!"

அந்த இடம் துளசிமணிக்கு மனப்பாடம். இறங்குகிறவனுக்கு இடது கைப்பக்கம் மண்மேடு. ஏறுகிறவனுக்குப் பக்கத்தில் அதலபாதாளம். பிரேக் போன லாரிக்கு மண்மேட்டில் உரசி நிற்பது ஒன்றுதான் வழி. அந்த மேட்டை ஒட்டித்தான் லோகு வந்துகொண்டிருக்கிறான். அங்கே நாற்பது பேர் இருப்பதாக லாரி படித்தால், அந்தப் பக்கம் போகாது. வலப்பக்கம் ஒடிக்கும். ஒன்பது பேர் பக்கம். ஜீப் பள்ளத்துக்குப் போய்விடும்.

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதைச் சொல்லாமல் மறைத்து என்ன ஆகப்போகிறது? என் தம்பிக்கு நாற்பது இருக்கிறது, அவன் பிழைத்தான் என்றுதான் மனம் முதலில் சொன்னது.

அடுத்த நொடியே இன்னொன்று நினைவுக்கு வந்தது. லோகு டிம் பண்ணுவான்!

மலை ரோட்டில் அது எழுதாத சட்டம். இறங்குகிறவன் ஏறுகிறவனுக்கு லைட்டை டிம் செய்து வழிவிட வேண்டும். டிம் செய்யாதவனை மலையில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். லோகு அதில் ஒரு நாளும் தவறியதில்லை. ஜீப்பின் வெளிச்சம் பனியில் தெரிந்த மறுகணம் அவன் பெருவிரல் தானாகப் போய் டிம் பொத்தானைத் தட்டும். பெட்டி தூங்கிவிடும். வண்டி உண்மையைச் சொல்லும். ஒருத்தன். ஒரே ஒருத்தன்.

பிரைட்டுக்கு ஒயர் எடுத்த தன் சாமர்த்தியத்தை அவள் சபித்தாள். ஆனால் பெட்டியைப் போனிலிருந்தே மாற்ற முடியும். சின்ன பேட்டரி ஒன்றும் அதற்குள் உண்டு. திரையில் இரண்டே கட்டங்கள். 'பிரைட்டில் மட்டும்.' 'எப்போதும்.'

விரல் திரைக்கு மேலே நின்றது. ரோஸ்மேரி இடுப்பில் கைவைத்து நின்ற நிற்பு கண் முன்னால் வந்தது. கல்யாணத்துக்கு வந்துரணும், ஆமா. வாயில் முறுக்கு இன்னும் பாதி மென்றபடியே இருந்தது. அதை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"பிரேக் கோளாறு. பத்தாம் வளைவு. வழி விடவும்."

துளசிமணி 'எப்போதும்' என்பதைத் தொட்டாள்.

'உறுதியா?' என்று கேட்டது போன்.

அதையும் தொட்டாள். நாற்பதுக்குப் பக்கத்தில் ஒரு பூட்டு விழுந்தது.

குழுவில் எங்கோ தூரத்தில் ஏர் ஹாரன் அலறுவது கேட்டது. காலையில் அவளே மாட்டிய ஹாரன். விடாமல் அலறியது. "ஐயோ, மாதாவே" என்றது ஒரு பெண்குரல். அப்புறம் மலையே சரிந்து விழுந்தது போல ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவள் கடைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செத்துப்போன அந்தப் பெண்களின் முகங்களை மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கியிருந்தாள்.

அப்போதுதான் ஸ்டீபன் அழுதுகொண்டே பேசினார். "லாரி பைக்க அடிச்சிருச்சுங்க. மேட்டுல ஏறி நிக்குது. எங்களுக்கு ஒன்னுமில்லீங்க. அந்தத் தம்பி… நம்ம துளசி தம்பிங்க…"

"எப்படி அடிக்கும்?" என்று அவள் போனைப் பார்த்துக் கத்தினாள். "நாப்பது பேரு இருக்கற வண்டிய எப்படி அடிக்கும்?"

பச்சைப் புள்ளி அசையாமல் நின்றது. அதன் மேல் இன்னமும் நாற்பது.

பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் லோகுவை உள்ளே கொண்டுபோய் வெகு நேரம் ஆகியிருந்தது. உயிருக்கு ஆபத்து இல்லை என்று டாக்டர் சொன்னார். ஹாரன் அடித்துக்கொண்டே கண்ணாடியில் லாரியைப் பார்த்து, மேட்டோடு மேடாக வண்டியைச் சாய்த்திருக்கிறான். அந்த இரட்டைக் கம்பி லெக் கார்டு மட்டும் இல்லையென்றால் ஆளே இல்லை. ஆனாலும் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. துளசிமணி கேட்டுக்கொண்டு தலையாட்டினாள். அழுகை வரவில்லை.

ஸ்டீபன் ஒரு சாக்குப்பையைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். "ரோட்டுல செதறிக் கெடந்ததம்மா. விட்டுட்டு வர மனசில்ல." மருந்துப் பெட்டியின் மூடி. வளைந்த கண்ணாடி. ஹெட்லைட் கிண்ணம்.

அவள் கை தானாகக் கிண்ணத்தை எடுத்துத் திருப்பியது. கண்ணாடி நொறுங்கிப்போயிருந்தது. உள்ளே அவளுடைய பெட்டி, ஒரு கீறல்கூட இல்லாமல், சின்னப் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது. இன்னும் போனுக்கு நாற்பது, நாற்பது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஆள் லைட்டுக்குப் போகிற ஒயரை மட்டும் காணவில்லை.

இருந்தது. வெட்டியிருந்தது. வெட்டிய முனையை மடித்து, மேலே பழுப்பு நிற டேப் சுற்றியிருந்தது. அவள் கடையில் கறுப்பு டேப்தான். பழுப்பு டேப் மருந்து அட்டைப்பெட்டி ஒட்டுவது. டேப்பின் மேல் புழுதி ஏறி, ஓரங்கள் கறுத்துப் பிசுபிசுத்தன. இன்று நேற்று சுற்றியது இல்லை.

பெட்டி போனிடம் நாற்பது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. ரோட்டுக்கு மட்டும் அது போகவே இல்லை. பிரைட்டிலும் ஒருத்தன், டிம்மிலும் ஒருத்தன். இத்தனை நாளும் அவள் தம்பி அந்த மலையில் ஒற்றை ஆளாகத்தான் ஏறி இறங்கியிருக்கிறான். அதனால்தான் மஞ்சள் விளக்கு, அகலக் கண்ணாடி, லெக் கார்டு, ஹாரன். ஹெட்லைட்டை அவளைத் தொட விடாததும் அதனால்தான்.

ரோஸ்மேரி வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாவின் சேலையெல்லாம் மண். "எங்க ஒம்பது பேரு உசிரும் ஒங்க தம்பி போட்ட பிச்சைம்மா. அவரு ஹாரன் அடிக்கலன்னா ஸ்டீபன் வண்டிய நிறுத்தியிருக்கவே மாட்டாரு. நல்லா வளத்துருக்கீக. ஒங்க கையத் தொட்டுக் கும்புடணும்."

கும்பிடவும் செய்தாள். 'உறுதியா?' என்று போன் கேட்டபோது ஆமாம் என்று தொட்ட அதே கையை. துளசிமணி கையை உருவிக்கொள்ள முயன்றாள், முடியவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். ரோஸ்மேரியின் கண்ணீரைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு லோகு கண் விழித்தான். அக்காவைப் பார்த்ததும் சிரிக்க முயன்றான்.

"ஜீப்புல இருந்தவிய?"

"ஒருத்தருக்கும் ஒன்னுமில்ல." அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா ஒயர வெட்டுன?"

அவன் கூரையைப் பார்த்தபடி சொன்னான். "தை மாசம், இதே ஸ்டீபண்ணன் ஜீப்பு எதிர்ல வந்துச்சுக்கா. பின்னால லாரி. நான் டிம் பண்றதுக்குள்ளயே, எனக்கு வழி விடறதுக்காக, லாரி அவிய பக்கம் ஒடிச்சிருச்சு. நான் ஒருத்தன். என்னயப் போயி பஸ்ஸுன்னு நெனச்சுக்கிட்டு. ஜீப்போட ஒரு சக்கரம் அந்தரத்துல நின்னுச்சு. உள்ள கொழந்தைங்க இருந்துச்சு. அது கத்துன கத்து இன்னும் காதுலயே இருக்குது."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ கேப்பியா? மறுபடி சேத்து வெச்சிருவ."

துளசிமணிக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. குனிந்து அவன் காதருகே சொன்னாள். "லோகு, இன்னிக்கு நான்… நீ டிம் பண்ணுவீன்னு எனக்குத் தெரியும். போன்ல 'எப்போதும்'னு பூட்டுனன்டா. எதிர்ல அவிய வர்றது தெரிஞ்சுதான் பூட்டுனேன். ரோஸ்மேரி அக்கா மொகத்த நெனச்சுக்கிட்டேதான் பூட்டுனேன்."

அவன் ஆச்சரியப்படவில்லை. கோபப்படவும் இல்லை. போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து அவள் முழங்கையைத் தொட்டான்.

"நீ பூட்டுவீன்னு தெரியும்க்கா. அதனாலதான் பொத்தான நம்பாம ஒயரையே வெட்டுனேன்."

அவள் வராந்தாவுக்கு வந்தாள். போனைத் திறந்தாள். மலையின் படம். தம்பியின் புள்ளியைத் தவிர இன்னும் எத்தனையோ புள்ளிகள் வளைவு வளைவாக ஊர்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றின் தலையிலும் நாற்பது. இங்கிருந்தே அணைத்துவிடலாம். ஆனால் நாற்பதை நம்பி அசட்டையாக ஓட்டிக்கொண்டிருப்பவனைத் திடுமென்று ஒருத்தனாக்கினால் அது இன்னொரு கொலை. ஒவ்வொருவரிடமும் அவளேதான் சொல்லியாக வேண்டும். சொன்னால் நாளைக்கு அந்தக் கடை இருக்காது. போலீஸ் வரும். வரட்டும்.

மேலே ஏறிக்கொண்டிருந்த முதல் புள்ளிக்காரனின் போன் எண்ணைப் போட்டாள். மூன்றாவது மணியிலேயே எடுத்தான். கறிவேப்பிலை விற்கிற முத்தரசன். காற்றும் இஞ்சினும் சேர்ந்து இரைந்தன.

"சொல்லுங்கக்கா! சத்தமாச் சொல்லுங்க, மலையில இருக்கறன். எதுத்தாப்புல ஏதோ வேன் ஒன்னு எறங்குது."

"முத்து" என்றாள் துளசிமணி. "ஓரமா நிறுத்து. மொதல்ல லைட்ட டிம் பண்ணு. மிச்சத்த அப்பறம் சொல்றேன்."